மண்ணோடு விட்ட கிண்ணம்

காலையில் அந்த வீட்டில் முதலில் எழுவது தேவகலா. எழுந்ததும் குழாயடிக்குப் போய்க் குளிப்பாள். ஈரத் தலையோடு வந்து செம்மண்ணும் சாணமும் கரைத்து அடுப்படியை மெழுகுவாள். அது காயும் வரை யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. அதற்குள் மருமகள் ஜூனா கொட்டகை அடுப்பில் எருமைக்குக் கூழ் காய்ச்சி, பால் கறந்துவிடுவாள். மகன் சுபோத் கேனைத் தூக்கிக்கொண்டு கீழே ரோட்டோரம் இருக்கும் பால் நிலையத்துக்குப் போவான். பாலை ஊற்றிவிட்டு வந்து டீ குடிப்பான். ஜூனா கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, அரிவாளை இடுப்பில் செருகி, மேட்டுப் புல்வெளிக்குப் போவாள். அவன் பள்ளிக்கூடத்துக் கணக்குத் தாள்களைத் திருத்துவான். அவள் புல்லோடு திரும்பியதும் சோறு. பிறகு பள்ளிக்கூடம்.

அன்றைக்கும் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. ஒரே வித்தியாசம், அது அசார் மாதம் பதினைந்தாம் தேதி. மழை பிடித்துக்கொண்ட நேரம். ஸ்யாங்ஜா மலைச்சரிவு முழுக்க நாற்று நடவு. அந்த நாளில் யார் வயலில் நட்டாலும் மதியத்துக்குத் தயிரும் அவலும்தான். ஜூனா காலையில் புல்லுக்குப் போகாமல் பக்கத்து வீட்டு இந்திராவின் வயலுக்கு நடப் போனாள். இன்றைக்கு இவள் அங்கே நட்டால், இன்னொரு நாள் அவள் இங்கே நடுவாள். இடுப்பு வரை சேறு, முதுகில் பிளாஸ்டிக் தாள், கணுக்காலில் அட்டை. வரப்பில் உட்கார்ந்து எல்லோரும் தயிர் அவல் தின்றார்கள். மத்தியானத்துக்கு மேல்தான் அவள் கூடையை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள்.

ஜூனா மகர் இனத்துப் பெண். சுபோத் லம்சால் பிராமணப் பையன். இருவரும் பொக்கராவில் ஒரே காலேஜ். கல்யாணம் செய்து கூட்டிவந்தபோது தேவகலா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் பேசவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஜூனா வடித்த சோற்றை அவள் தொடவில்லை. ஜூனா விறகு கொண்டுவரலாம், காய் நறுக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம். அடுப்படி வாசலைத் தாண்டக் கூடாது. அப்படியே காலம் போயிற்று. இந்தச் சித்திரையில் தேவகலாவுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. சுபோத் வடித்த சோறு குழைந்து, அடியும் பிடித்திருந்தது. அவள் தட்டைத் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "அவளையே ஆக்கச் சொல்லு" என்றாள். ஜூனா குளித்துவிட்டு வந்து ஆக்கினாள். அன்றிலிருந்து அடுப்படி அவளுடையதும் ஆயிற்று. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் போய்விடுமோ என்று சுபோத்துக்கு ஒரு பயம் இருந்தது.

காளான் மட்டும் அந்த வீட்டுக்குள் வராது. வெங்காயம் வந்துவிட்டது, பூண்டு வந்துவிட்டது, வெளியில் போனால் மகன் கோழி தின்கிறான் என்பதும் தேவகலாவுக்குத் தெரியும். காளான் ஆகாது. "எருமை சாணி போட்ட எடத்துல முளைக்கறதை எவன் வேணா திங்கட்டும். எங்க மாமியார் காலத்துலேர்ந்து இந்த வாசப்படி தாண்டினதில்ல" என்பாள்.

ஜூனா பிறந்த வீட்டில் மழைக்காலம் என்றால் காளான். மாமியார் வீட்டில் சுபோத்தும் தின்றிருக்கிறான். மிளகாயும் கடுகெண்ணெயும் போட்டு வதக்கினால் இறைச்சி தோற்றுப்போகும். இரண்டு நாளாகவே அவள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மேட்டுல வெள்ளை வெள்ளையா எட்டிப் பாக்குது. எருமை நிக்கற புல்லு. எங்க ஊர்ல சாணக்காளான்னு சொல்வோமே, அது."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"கொட்டகை அடுப்பு எதுக்கு இருக்கு? எருமை போய்ச் சொல்லிக் குடுக்காது. நீ ஸ்கூல் விட்டதும் நேரா கொட்டகைக்கு வந்துடு."

மாமியார் எதிரில் அவனை 'நீங்க' என்பாள். தனியாக இருக்கும்போது காலேஜில் கூப்பிட்டது போல 'நீ'தான்.

அன்று பள்ளிக்கூடத்தில் கூட்டம். தலைமையாசிரியர் பேசி முடிக்கவில்லை. அவன் வீட்டுக்கு வரும்போது வெளிச்சம் குறைந்துவிட்டது. கொட்டகையில் புகை அடங்கியிருந்தது. கொட்டகை வாசலிலேயே தேவகலா முறத்தை வைத்துக்கொண்டு சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலாக ஜூனா உள்ளேயிருந்து கண்ணால் ஏதோ சொன்னாள். வராதே என்பது போல இருந்தது. அவன் அடுப்படிக்குப் போய் அம்மா வைத்த பருப்பும் சோறும் தின்றான்.

ஜூனா பாத்திரம் கழுவும்போது குழாயடியில் அவள் பக்கத்தில் போய் நின்றான்.

"வந்திருக்கலாம்ல."

"ஹெட்மாஸ்டர் விடல."

"அப்ப ஹெட்மாஸ்டரையே கட்டியிருக்கணும் நீ."

"எடுத்து வெச்சியா இல்லையா?"

"வெச்சேன். இலையில சுத்தி அழகா வெச்சேன். உங்கம்மா ஊருல இருக்கற வாசலையெல்லாம் விட்டுட்டு கொட்டகை வாசல்ல வந்து உக்காந்துட்டாங்க. எந்த நிமிஷம் உள்ள வருவாங்கனு தெரியல. அதான், உன் பங்கையும் நானே முழுங்கிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"இலையைக்கூட எருமைக்குப் போட்டுட்டேன். சாட்சியே இல்ல." சிரித்தாள். "ருசின்னா ருசி. நீ குடுத்து வெக்கல."

"புல்லுக் கூடையில எப்படிக் கொண்டாந்தே? அம்மாதானே கொட்டிப் பரப்புவாங்க?"

"மொட்டா பாத்து எடுத்தேன். விரிஞ்சதுன்னா புல்லு பாரத்துல நசுங்கிப் போகும். பிடுங்கினா அடியில மண்ணு ஒட்டிட்டு வரும், புல்லுல மண்ணு ஏதுன்னு கேப்பாங்க. அரிவாளால கழுத்தோட அறுத்துட்டேன். துடைச்சு வெச்ச மாதிரி வந்துடுச்சு. துண்டுல முடிஞ்சு நடுப் புல்லுக்குள்ள சொருகிட்டேன்."

"கெட்டிக்காரி" என்றான் சுபோத்.

அந்தச் சொல்லை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

விடியும்போது அவள் குழாயடியில் குனிந்து நின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். தேவகலா குளிக்கப் போனவள் பார்த்துவிட்டாள். அன்று அடுப்படி மெழுகப்படவில்லை. மகனிடம் வந்து, முகத்தை வேறெங்கோ வைத்துக்கொண்டு, "நாள் தள்ளியிருக்கானு கேட்டியா அவகிட்ட?" என்றாள். உப்பில் ஊறிய எலுமிச்சையை எடுத்து ஜூனாவின் கையில் வைத்தாள். அதை நக்குவதற்குள் ஜூனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கக்கூஸுக்கு ஓடினாள். திரும்பி வந்தாள், மறுபடியும் ஓடினாள். அரிசி கழுவின தண்ணீர் மாதிரிப் போயிற்று. வெயில் ஏறும்போது அவளால் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. தேவகலாவின் முகத்தில் இருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போனது.

"இது அது இல்ல. என்ன தின்னே நேத்து?"

ஜூனா சுபோத்தைப் பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்குள் அவன் சொன்னான்.

"வயல்ல தின்ன தயிரா இருக்கும்."

"இந்திரா வீட்டுத் தயிரா? அதானே. அவ பானை கழுவற லட்சணம் எனக்குத் தெரியாதா?"

சுபோத்துக்கே அது தயிராகத்தான் இருக்கும் என்று தோன்றியது. சின்ன வயதிலிருந்து காளான் தின்று வளர்ந்தவள். காளானாக இருந்தால் தின்ற உடனே அல்லவா செய்திருக்கும்? இரவு நன்றாகத் தூங்கினாளே. இப்படியெல்லாம் அவன் கணக்குப் போட்டான்.

சுகாதார நிலையம் சரிவில் கொஞ்சம் கீழே. அவளைத் தோளில் சாய்த்து அவனும், குடையைப் பிடித்துக்கொண்டு தேவகலாவும் இறங்கினார்கள். பொறுப்பில் இருந்த ஹோம்நாத்துக்கு அந்தச் சரிவில் எல்லோரையும் தெரியும். நாடி பார்த்தான். நாக்கை நீட்டச் சொன்னான். வயிற்றை அழுத்திப் பார்த்தான்.

"என்ன சாப்பிட்டாங்க?"

"தயிர்" என்றாள் தேவகலா. "இந்திரா வீட்டு நடவுல."

"வேற?"

"வேற என்ன? வீட்டுச் சோறு."

ஹோம்நாத் சலைன் பாட்டிலை மாட்டிக்கொண்டே கேட்டான். "மழைக்காலத்துல வர்றவங்க எல்லார்கிட்டயும் கேக்கற கேள்விதான், தப்பா நினைக்காதீங்க. காளான் ஏதாச்சும்?"

"யார் வீட்டைப் பாத்து என்ன கேக்கறே ஹோம்நாத்?" என்றாள் தேவகலா. "உங்கப்பா எங்க வீட்டுல புராணம் கேக்க வருவாரு. எங்க வீட்டு அடுப்பு எப்படினு உனக்குத் தெரியாதா?"

"அடுப்பைச் சொல்லல பெரியம்மா. காளான்னா நான் இங்க வெச்சிக்கமாட்டேன், இப்பவே பொக்கராவுக்கு ஜீப் ஏத்திடுவேன். தயிர்னா ரெண்டு பாட்டில் போதும். அதுக்குத்தான்." அவன் திரும்பினான். "சார், நீங்க சொல்லுங்க."

ஊசி ஏறிய கையைப் பார்த்தபடி ஜூனா படுத்திருந்தாள். அம்மா குடையை மடக்கிக்கொண்டிருந்தாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சித்திரையிலிருந்து ஜூனா ஆக்கிய சோறு, அதை அம்மா பிசைந்து தின்பது, தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் என்று தட்டை நகர்த்துவது. இவை அவனுக்கு ஞாபகம் வந்தன.

"இல்ல" என்றான்.

ஹோம்நாத் ஜூனாவைப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "தயிர்தான்" என்றாள்.

மறுநாள் அவள் தேறிவிட்டாள். வாந்தி நின்றது, வயிற்றுப்போக்கும் நின்றது. மழையும் விட்டு வெயில் அடித்தது. தேவகலா அரிசியும் பருப்பும் குழையக் காய்ச்சி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் ஊட்டினாள். "வாயைத் திற. எருமைக்கன்னு மாதிரி அடம் பிடிக்காதே" என்றாள். ஜூனா சிரித்துக்கொண்டே திறந்தாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அம்மா அவளைத் தொட்டு ஊட்டியது அன்றைக்குத்தான்.

அன்று மத்தியானம் இந்திரா வந்தாள். முற்றத்துக்குள் வராமல் கல்வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள்.

"என் தயிர் ஆளைக் கொல்லுதாமே சித்தி. பால் நிலையத்துல பேசிக்கறாங்க. இனிமே எங்க வீட்டுப் பாலையும் எடுக்கமாட்டாங்க போல."

"உடம்பு முடியாமப் போனா காரணம் சொல்லத்தானே வேணும்" என்றாள் தேவகலா.

"அத்தனை பேரு தின்னாங்க. ஏரு ஓட்டினவன் வாங்கி வாங்கித் தின்னான். போய்ப் பாருங்க, டீக்கடையில உக்காந்து சீட்டாடறான்."

"பானை அடியில தங்கினது இவளுக்கு வந்திருக்கும்."

"அடியில தங்கினதை வழிச்சுத் தின்னது நானு. செத்தா போயிட்டேன்? என் பானையைப் பத்திப் பேசறீங்களே, உங்க மாமியாருக்கு வயித்து வலின்னா உங்க வீட்டுலேர்ந்து யார் வீட்டுத் தயிரைக் கேட்டு வந்தீங்க, சொல்லுங்க பாப்போம்."

"அது அப்போ."

"எப்போவா இருந்தா என்ன, அதே பானைதான்." இந்திரா சுபோத் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க படிச்சவரு. எங்க பொண்ணுக்குக் கணக்குச் சொல்லித் தர்றவரு. நீங்களே சொல்லுங்க, ஒரே பானைத் தயிரு ஒருத்திக்கு மட்டும் எப்படி ஆகாமப் போகும்?"

"சிலருக்கு ஒத்துக்காது அண்ணி" என்றான்.

"ஒத்துக்காதது தயிரா, எங்க வீடா?"

இந்திரா, உள்ளே படுத்திருந்தவளுக்குக் கேட்கும்படி, "உடம்பைப் பாத்துக்கோ ஜூனா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சுபோத் உள்ளே வந்தபோது ஜூனா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லிடலாம்" என்றாள் மெதுவாக. "பாவம், அவங்க என்ன பண்ணினாங்க? சொல்லிட்டு ஒரு நாள் திட்டு வாங்கிட்டுப் போயிடலாம்."

"இப்ப எதுக்கு? ஆறிப்போச்சு."

"எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"அம்மா மறுபடியும் உன்னை அடுப்படிக்கு வெளிய நிறுத்திடுவாங்க."

"நிறுத்தினா நிக்கறேன். நிக்காததா?"

"வேணாம் ஜூனா."

"எனக்கு வேணாமா, உனக்கு வேணாமா?"

அவன் எழுந்து எருமைக்குத் தண்ணீர் காட்டப் போனான். அன்று சாயங்காலம் அவன் நிம்மதியாக இருந்தான். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பொய் நின்றுவிட்டது, ஆளும் பிழைத்துவிட்டாள் என்று நினைத்து, பையன்களின் தாள்களை எடுத்துத் திருத்தினான். மதிப்பெண்கூடத் தாராளமாகப் போட்டான்.

அடுத்த நாள் காலை முதலில் கவனித்தது தேவகலா. டீ கொண்டுபோய்க் கொடுத்தவள் கதவருகே நின்று கூப்பிட்டாள்.

"இங்க வா. இவ கண்ணைப் பாரு."

வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. ஜூனா டீயைக் கையில் வாங்கிக்கொண்டு எதற்கு வாங்கினோம் என்று தெரியாதவள் போல வைத்திருந்தாள். நடவு முடிந்ததா என்று கேட்டாள். முடிந்தது என்றான். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடியும் கேட்டாள்.

சுபோத் செருப்புப் போடாமல் சரிவில் ஓடினான். ஹோம்நாத் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னான். காளான், மேட்டுப் புல்வெளி, கொட்டகை அடுப்பு, எதையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது ஹோம்நாத்தின் கையில் பூட்டு அப்படியே இருந்தது. திட்டுவான் என்று சுபோத் எதிர்பார்த்தான். ஒருவேளை திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"கேட்டேனே சார்" என்றான் ஹோம்நாத். அவ்வளவுதான் சொன்னான். போனை எடுத்து ஜீப்காரனைக் கூப்பிட்டான்.

மழையில் பாதி ரோடு கரைந்திருந்தது. ஜீப்பில் ஜூனா தேவகலாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். தயிர் இப்படியும் செய்யுமா என்று தேவகலா வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தாள். சுபோத் முன்சீட்டில் உட்கார்ந்து, வண்டியின் கண்ணாடியில் தண்ணீர் வழிவதையே பார்த்துக்கொண்டு வந்தான்.

பொக்கரா ஆஸ்பத்திரியில் டாக்டர் இளம்பெண். அவன் வயதுதான் இருக்கும். கேள்விகளை அடுக்கடுக்காகக் கேட்டாள். தேவகலா நகராமல் பக்கத்திலேயே நின்றாள். அவளை வெளியே போகச் சொல்ல அவனுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

"காளான் சாப்பிட்டா" என்றான். "வெள்ளைக் காளான். புல்வெளியில அறுத்தது."

தேவகலா அவனைப் பார்த்தாள். டாக்டர் எழுதுவதை நிறுத்தவில்லை. அம்மாவின் குரல் வந்தது.

"என் அடுப்புலயா?"

"இல்ல. எருமை அடுப்புல."

அவள் சுவரோரம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"எப்படிப் பாத்து எடுத்தாங்க?" என்றாள் டாக்டர். "குடைக்கு அடியில இருக்கற மடிப்பு என்ன நிறம்? ரோஸா, வெள்ளையா?"

"மொட்டு. விரியல. அடிப்பக்கம் தெரிஞ்சிருக்காது."

"தண்டு மண்ணுக்குள்ள எப்படி இருந்தது? சும்மா இருந்ததா, கிண்ணம் மாதிரி ஏதாவது உறைக்குள்ள இருந்ததா?"

"தெரியாது. அரிவாளால அறுத்துட்டா."

டாக்டர் பேனாவை வைத்தாள். "நல்ல காளானும் வெள்ளை, இந்த விஷக் காளானும் வெள்ளை. ரெண்டுக்கும் கழுத்துல வளையம் உண்டு. மேல பாத்தா வித்தியாசம் தெரியாது. நல்லதுக்கு மடிப்பு ரோஸா இருக்கும், போகப் போகப் பழுப்பாகும். இதுக்குக் கடைசி வரைக்கும் வெள்ளைதான். இதோட அடி, முட்டை ஓடு மாதிரி ஒரு கிண்ணத்துல உக்காந்திருக்கும். அது மண்ணுக்குள்ள இருக்கும். அறுத்தா அங்கேயே தங்கிடும்."

"அரிசி போட்டு வதக்கினதா சொன்னா. விஷம்னா அரிசி கறுத்துடும்னு அவங்க வீட்டுல..."

"கறுக்காது. கொதிக்க வெச்சாலும் போகாது, காய வெச்சாலும் போகாது. ருசியும் நல்லா இருக்கும். சாப்பிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் தெரியாது. அப்புறம் வயிறு கலங்கும். அப்புறம் ஒரு நாள் சரியாயிட்ட மாதிரி இருக்கும். அந்த நாள்லதான் உள்ள ஈரலை அரிச்சுட்டு இருக்கும்."

அந்த நாளில்தான் அம்மா அவளுக்குக் கரண்டியால் ஊட்டினாள்.

"முதல்லயே தெரிஞ்சிருந்தா?" என்றான்.

"அப்பவும் பிழைப்பாங்கன்னு என்னால உறுதி சொல்லியிருக்க முடியாது" என்றாள் டாக்டர். "ஆனா" என்று ஆரம்பித்தவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே சொல்லவில்லை. "அந்த எடத்துல யாராவது போய், மண்ணோட தோண்டி எடுத்துட்டு வந்தா நல்லது. என்னதுன்னு உறுதியாத் தெரியணும்."

ஜூனாவின் அண்ணன் கமான்சிங்குக்குப் போன் செய்தான். அடுத்த மலைமுகட்டில் அவர்கள் ஊர். கமான்சிங் ராணுவத்தில் இருந்து வந்தவன். விவரம் மட்டும் கேட்டுக்கொண்டு போனை வைத்தான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். முழங்கால் வரை சேறு. முதலில் போய்த் தங்கையைப் பார்த்தான். அவள் பெரும்பாலும் தூக்கத்தில்தான் இருந்தாள். திரும்பி வந்து பெஞ்சில் சுபோத்துக்கும் தேவகலாவுக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒரு துணி மூட்டையை அவிழ்த்தான். உள்ளே ஈர மண்ணோடு நாலைந்து வெள்ளைக் கிண்ணங்கள். முட்டையை உடைத்து ஓட்டை நட்டுவைத்தது போல இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் அரிவாள் சீவின தண்டு, ஒரே சீராக, சாய்வாக.

"உங்க பக்கத்து வீட்டுத் தயிர்க்கார அம்மாதான் கூட வந்து எடம் காட்டினாங்க" என்றான் கமான்சிங். "புல்வெளிதான். ஆனா ஓரத்துல பெரிய மரம் நிக்குது. அதோட வேர் புல்லுக்கு அடியில வந்திருக்கு. அங்கதான் இது. நடுப் புல்லுல நல்லதும் நிக்குது, நான் பாத்தேன். ரெண்டும் கூப்பிடு தூரம்."

சுபோத் ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்தான். கனமே இல்லை.

"எனக்கு ஒண்ணுதான் புரியல மாப்ளே. இவ ஏன் அறுத்தா? எங்க வீட்டுல காளானை யாரும் அறுக்கமாட்டாங்க. நடக்கத் தெரிஞ்ச நாள்லேர்ந்து சொல்றது அது. பிடுங்கு, கவுத்துப் பாரு, அடியில உறை இருந்தா விட்டெறி, கையைக் கழுவு. இவ எங்கம்மாகிட்ட இதுக்கு அடியே வாங்கியிருக்கா. மறந்திருக்கமாட்டா. ஏன் அறுத்தா?"

தேவகலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் காது இங்கே இருந்தது சுபோத்துக்குத் தெரிந்தது.

"மண்ணு ஒட்டக் கூடாதுன்னு."

"எதுல?"

"புல்லுல. கூடையில ஒளிச்சுக் கொண்டாந்தா. மண்ணு இருந்தா அம்மா கண்டுபிடிச்சுடுவாங்கன்னு."

"மொட்டா எடுத்தது?"

"அதுவும் அதுக்குத்தான். விரிஞ்சது நசுங்கிடும்னு."

கமான்சிங் துணியின் நான்கு முனைகளையும் சேர்த்துப் பழையபடி முடிந்தான். முடிந்ததை மறுபடியும் அவிழ்த்து, இன்னும் இறுக்கமாக முடிந்தான்.

"உனக்கு எப்பத் தெரியும் அறுத்தது?"

"அன்னைக்கே. சொன்னா."

"நீ என்ன சொன்னே?"

என்ன சொன்னோம் என்பது சுபோத்துக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "ஒண்ணும் சொல்லல" என்றான். அதுவும் பொய்.

"தயிர்க்கார அம்மா உங்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க" என்றான் கமான்சிங். "கோவம் இல்லையாம். பொழுது விடிஞ்சதும் எருமைக்குப் புல்லு போட்டுட்டாங்களாம்." மூட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரைத் தேடிப் போனான்.

அவன் போன பிறகு பெஞ்சில் ஒரு ஆள் உட்காரும் இடைவெளி அப்படியே இருந்தது. தேவகலா அதை நிரப்பவில்லை. சுபோத்தும் நகரவில்லை.

"நான் அடிச்சிருப்பேனா?" என்றாள் தேவகலா. "தெரிஞ்சிருந்தா நான் அவளை அடிச்சா இருப்பேன்?"

"இல்லம்மா."

"கத்தியிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அவ்வளவுதானே செய்வேன்? அதுக்கா?"

அவன் தலையாட்டினான். ஆமாம் என்றா இல்லை என்றா, அவனுக்கே தெரியவில்லை.

பிறகு நடந்ததைச் சொல்ல ஒன்றுமில்லை. ஆற்றங்கரையில் ஜூனாவை எரித்தார்கள். சுபோத் மொட்டை அடித்து, வெள்ளைத் துணி கட்டி, கருமம் முடியும் வரை அறை மூலையில் வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்தான். யாரும் தொடக் கூடாது. தன் சோற்றைத் தானே ஒரு வேளை பொங்கித் தின்ன வேண்டும். சோறு தினமும் குழைந்துபோயிற்று. வருகிறவர்கள் வாசல் பக்கம் பாய் போட்டு உட்கார்ந்தார்கள். எல்லோரும் கடைசியில் கேட்பது ஒன்றுதான். போகும்போது என்ன சொன்னாள்?

தேவகலா ஒரு பதில் வைத்திருந்தாள். "என் கையைப் பிடிச்சு, தப்புப் பண்ணிட்டேம்மா, மன்னிச்சுடுங்கன்னா" என்று சொல்லி அழுவாள். அவள் பொய் சொல்லவில்லை. ஜூனா அவள் கையைப் பிடித்தது உண்மை. மற்றதை அவள் மனது சேர்த்துக்கொண்டது. கமான்சிங் வீட்டில் வேறு மாதிரி. அம்மாவைக் கேட்டாள், பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள் என்று அங்கே பேசிக்கொண்டார்கள். சுகாதார நிலையத்துக்கு வருகிறவர்களிடம் ஹோம்நாத் காளானைப் பற்றி மட்டும் சொன்னான். யார் வீடு என்று சொல்லவில்லை. இந்திரா ஒருத்திதான் எதுவும் கேட்கவில்லை. தினமும் காலையில் வந்து எருமையைக் கறந்துவிட்டுப் போனாள்.

சுபோத் எதையும் திருத்தவில்லை. அவள் கடைசியாகப் பேசியபோது பக்கத்தில் இருந்தவன் அவன் ஒருவன்தான். அண்ணன் மருந்துக்கடைக்குப் போயிருந்தான். தேவகலா வெளியே பெஞ்சில் இருந்தாள். கதவு திறந்திருந்ததால் கட்டிலிலிருந்து பார்த்தால் அவள் தெரிவாள். ஜூனா கண்ணைத் திறந்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நினைவு தெளிந்திருந்தது. அவன் குனிந்து, "என் மேல கோவமா?" என்று கேட்டான். அதைக் கேட்டதற்கும் சேர்த்துத்தான் இப்போது அவனுக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் உண்மையில் சொன்னது இதுதான்:

"அம்மா நேத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. கீழ போய் வாழைப்பழம் வாங்கிக் குடு. சோறு வாங்கிடாதே, யார் ஆக்கினதோ."